முட்டக்கண்ணன் வால்

அந்தத் தொட்டியக் கொஞ்சம் உள்பக்கமாத் தள்ளி மடியில வச்சுக்க தாயி. இந்த டிரைவரு வேகத்தடைன்னு ஒண்ணு இருக்குறதையே மதிக்க மாட்டான். கண்ணாடியில முடி அளவு விரிசல் விட்டாலும் போச்சு, என்னத்த வச்சு அடைச்சாலும் சொட்டிக்கிட்டேதான் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்குற கடையிலதான வாங்குன? எனக்கு முன்னாடி நீதான் நின்ன. வாலு கிழிஞ்ச மீனு இருக்கான்னு நான் கேட்டப்ப கடைக்காரரு சிரிச்சாரு, நீகூடச் சிரிச்ச. சிரிச்சா சிரிச்சுட்டுப் போ, நான் ஒண்ணும் நினைக்கல. எதுக்குக் கேட்டேன்னு சொல்றேன். மதுரை போறதுக்குள்ள சொல்லிருவேன்.

ஒன்றரை அடித் தொட்டியா? பரவால்ல, சின்ன வீட்டுக்குப் போதும். அந்தக் குண்டு ஜாடிய வாங்காம விட்டயே, அதுவே பெரிய காரியம். பாக்க அழகாத்தான் இருக்கும், வாய் குறுகலு, உள்ள காத்து எறங்காதுன்னு எம்மக சொல்லுவா. பில்டர் வாங்கிட்டயா? அது உறிஞ்சுற வாய்க்கு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு கட்டி விட்டுரு. இல்லேன்னா மீனு வால இழுத்துப் புடிச்சுக்கிரும். ஹீட்டரு வேணாம். நான் தொட்டி வாங்குன அன்னைக்கு ஹீட்டரு கேட்டேன், அருப்புக்கோட்டை வெயிலுக்கு நீங்க ஐஸ் கட்டியில்லம்மா வாங்கிப் போடணும்னாரு அவரு. கலர் கல்லும் ரொம்பக் கொட்டாத. பச்சையும் ரோஸுமா அள்ளி அள்ளிக் கொட்டுனேன் நான், தின்னது போக மிச்சமெல்லாம் அதுக்குள்ள போயி அழுகி நாறுச்சு. ஒரு பிடி போதும். தொட்டிய வெயிலு படுற சன்னல்கிட்ட வைக்காத, பாசி புடிச்சு மீனே தெரியாமப் போயிரும்.

இதெல்லாம் எம்மக சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரஞ்சின்னு கூப்புடுவோம், சிவரஞ்சனி. மதுரையில ஆஸ்பத்திரியில இருக்கா. பையன் பொறந்திருக்கான். ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டான், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக.

நீ நினைக்கிறது எனக்குத் தெரியுது. மக பிள்ளை பெத்துக் கெடக்கா, பெத்தவ இங்க பஸ்ஸுல ஊர்க்கதை பேசிக்கிட்டு வர்றாளேன்னுதான? அதத்தான் தாயி நானும் கேக்குறேன். அங்க சம்பந்தியம்மா இருக்கலாம். அவுக மக வந்து இருக்கலாம். மாப்பிள்ளையோட சித்தி மானாமதுரையில இருந்து வந்து இருக்கலாம். நான் மட்டும் இருக்கக்கூடாது. என்னைய எதுக்கு ஊருக்கு அனுப்பி வச்சா தெரியுமா? மீனுக்குத் தீனி போட. பெத்த தாய, மீனுக்குக் காவலுக்கு அனுப்பிச்சிருக்கா. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாக.

நீ எதுக்கு மீனு வளக்கப் போற? சும்மா அழகுக்கா? ம். நான் அழகுக்கு வாங்கல.

ரஞ்சிக்கு முதல் ரெண்டும் தங்கல. முதலு மூணு மாசத்துலயே போச்சு. ரெண்டாவது அஞ்சு மாசம் இருந்து போச்சு. அது உருவமே வந்திருந்துச்சு, அதப் பத்திப் பேச வேணாம். அப்பத்தான் எங்க தெருவுல கனகமணின்னு ஒரு டீச்சரம்மா, ரிட்டயர்டு, எனக்கு நல்ல பழக்கம், அவுக சொன்னாக. அவுக வீட்டுக்காரருக்கு நெஞ்ச அறுத்து ஆப்ரேசன் பண்ணுன அன்னைக்கு அவுக வீட்டுத் தொட்டியில இருந்த பெரிய மீனு மல்லாந்து போச்சாம். மனுசன் எந்திரிச்சு உக்காந்து இட்லி தின்னாராம். வீட்டுக்கு வர்ற கண்டத்த மீனு வாங்கிக்கிரும் சௌந்தரம், அதான் அதோட வேலைன்னாக. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுங்குறோம்ல, அந்தத் தலைப்பாகைதான் மீனு.

எனக்கு அது நெஞ்சுல பட்டுன்னு பட்டுச்சு. ஏன்னா எங்க வீட்டுக்காரரு போனது அப்படித்தான். சாப்புட்டுக் கை கழுவப் போன மனுசன், வாசப்படியில உக்காந்தாரு, அவ்வளவுதான். அன்னைக்கு எங்க வீட்டுல ஒரு மீனு இருந்துச்சா? ஒரு கிளி, ஒரு கோழி? ஒண்ணுமில்ல. வந்தது எங்க போகும்? நேரா அவருகிட்டப் போயிருச்சு. இத நினைச்சு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா.

அதனால ரெண்டடித் தொட்டியா வாங்குனேன். ஈசானி மூலையில வைக்கணும்னாக, அங்க பீரோ இருந்துச்சு, ஆள் வச்சு நகட்டுனேன். எட்டுத் தங்கமீனு, ஒரு கருப்பு. அப்படித்தான் கணக்கு. கருப்பு எதுக்குன்னா, ரொம்பப் பெருசா ஏதும் வந்தா அது வாங்கிக்கிரும். கடைக்காரரு என்னமோ சொன்னாரு, தொட்டியில தண்ணிய ஊத்தி மோட்டார மட்டும் கொஞ்ச நாள் ஓட விடுங்கம்மா, தண்ணி பக்குவப்படட்டும், அப்புறம் வந்து மீனு வாங்கிக்கங்கன்னாரு. மீனில்லாத தொட்டியில எதுக்குய்யா மோட்டாருன்னு கேட்டேன். வியாபாரம் வேணாம்னு சொல்ற ஆளு அவரு ஒருத்தருதான். நான் விடுவேனா, அன்னைக்கே எல்லாத்தையும் வாங்கிட்டு வந்து அன்னைக்கே விட்டேன்.

செத்துச்சுக. சாகத்தான செய்யும். மொத மீனு செத்த அன்னைக்கு மாப்பிள்ளை வண்டியில போயி வழுக்கி விழுந்து முழங்கையில சிராய்ப்போட வந்தாரு. பாத்தியா? இன்னொண்ணு செத்துச்சு, சம்பந்தியம்மாவுக்குச் சக்கரை எறங்குச்சு. ஒண்ணு செத்தா நான் உடனே ஒண்ணு வாங்கி விட்டுருவேன், ஒம்போது குறையவே கூடாது. செத்த மீனப் பாக்குறப்ப எனக்கு நெஞ்சு லேசாயிரும். செம்பருத்திச் செடிக்கடியில குழி தோண்டி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, ஒரு கும்புடு போட்டுப் புதைப்பேன். நன்றி இல்லாதவ இல்ல நான்.

இந்த மூணாவது நின்னுச்சு. டாக்டரம்மா படுத்தே இருக்கணும்னுட்டாக. அவுக வீடு மாடி வீடு, ஏறி எறங்க முடியாது. எங்க வீட்டுக்கு வந்துட்டா. தொட்டிக்கு எதுத்தாப்புல கட்டிலப் போட்டுப் படுத்துக்கிட்டா.

ரெண்டு மீனு செத்துச்சு, அவ வந்த வாரமே. நான் சந்தோசமா இருந்தேன், நல்ல சகுனமாச்சேன்னு. அவ என்னடான்னா முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுகுறா. ஏண்டி, மீனுதானன்னு நான் கேட்டா, என் கண்ணு முன்னாடி ஒண்ணும் சாகக்கூடாதும்மாங்குறா. அப்புறம் ஆரம்பிச்சா பாரு. படுத்துக்கிட்டே போன நோண்டி நோண்டிப் படிச்சா. கல்லையெல்லாம் அள்ளச் சொன்னா. ஸ்பாஞ்ச வாங்கியாரச் சொன்னா. குழாத் தண்ணிய நேரா ஊத்தாத, மருந்து கலந்திருப்பாக, வாளியில புடிச்சு ரெண்டு நாள் வச்சிருந்து ஊத்துன்னா. எங்க ஊருல நல்ல தண்ணி வர்றதே எப்பவாச்சும். போர்த் தண்ணி உப்பு. குடிக்க வச்சிருந்த குடத்துத் தண்ணியில்ல மீனுக்குப் போச்சு. தீனியும் அவ கையாலதான், ரெண்டு விரலால கிள்ளி உப்புப் போடுற மாதிரி. ஒவ்வொரு மீனுக்கும் பேரு. அந்தக் கருப்புக்கு முட்டக்கண்ணன்னு வச்சா. கண்ணு ரெண்டும் வெளியில துருத்திக்கிட்டு நிக்கும், பாத்தா நமக்கே சிரிப்பு வரும். அது வால ஒரு நாளு பில்டர் இழுத்துப் புடிச்சுக் கிழிச்சுருச்சு. அன்னைக்கு எம்மக எந்திரிச்சே உக்காந்துட்டா. கல்லு உப்புத் தண்ணியில விட்டு, தனியா வாளியில வச்சு, பிள்ளைக்கு வைத்தியம் பாக்குற மாதிரி பாத்தா. பொழைச்சுக்கிச்சு. வாலு கீழ்ப்பக்கம் மட்டும் அரிவாள் வெட்டு மாதிரி நின்னுபோச்சு. அங்க வளரவே இல்ல.

அதுக்கப்புறம் ஒண்ணும் சாகல தாயி.

நீ நல்லதுதானங்குற. எல்லாரும் அதத்தான் சொல்லுவாக. எனக்கு அது நல்லதாப் படல. ஒரு மாசம் ஆச்சு, ஒரு மீனுக்குக்கூட ஒண்ணும் ஆகல. கொழுத்துப் போயித் திரியுதுக. தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. கனகமணி டீச்சரு வந்து பாத்துட்டு, என்ன சௌந்தரம், உங்க வீட்டுல மீனு ஒண்ணும் விழுகலையாக்கும்னு கேட்டாக. அவுக சாதாரணமாத்தான் கேட்டாக. எனக்குத் தூக்கம் போச்சு. மாசம் ஏற ஏற, கண்டமும் ஏறும்ல? அது எங்க போயி நிக்கும்?

வளைகாப்புக்கு நாள் பாத்தாச்சு. கண்ணாடி வளையலு, அஞ்சு வகைச் சோத்துக்கு அரிசி, எல்லாம் வாங்கியாச்சு. அதுக்கு முந்தின நாளு அவ தொட்டிக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு, முட்டக்கண்ணா, தம்பி வரப்போறான்டான்னு கொஞ்சிக்கிட்டிருக்கா. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ தெரியல. சொல்லிப்புட்டேன். இதுகளப் போட்டு இப்படிப் பொத்திப் பொத்தி வளக்குறியேடி, இதுல ஒண்ணும் சாகலேன்னா வர்ற கண்டம் எங்க போகும், உன் வயித்துக்குத்தான போகும்னு.

உண்மையத்தான சொன்னேன்? நான் என்ன வைதேனா, அடிச்சேனா?

என்னையவே பாத்தா. அப்புறம் கையத் தூக்கி வயித்து மேல வச்சுக்கிட்டு, சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. மத்தியானச் சோறு வேணாம்னுட்டா. சாயந்தரம் தலைய வலிக்குது, கண்ணு இருட்டுதுன்னா. ஆட்டோ வச்சுத் தூக்கிட்டு ஓடுனா, பிரஷரு எக்கச்சக்கமா ஏறிருச்சு, மதுரைக்குக் கொண்டு போங்கன்னுட்டாக. பாத்தியா தாயி? காலையில நான் வாய்விட்டுச் சொன்னேன், சாயந்தரமே அது வந்துருச்சு. நான் சொன்னது அப்படியே பலிச்சுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அந்த வளையலு இன்னும் பெட்டிக்குள்ளயேதான் கெடக்கு.

ஆப்ரேசன் பண்ணிப் பையன எடுத்தாக. நான் ஒரே ஒரு தடவைதான் பாத்தேன். கண்ணாடிப் பெட்டி. உள்ள ஒரு உள்ளங்கைக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான் பிள்ளை. மூக்குல குழாயி. பக்கத்துல ஒரு பாட்டில்ல குமிழு குமிழா வருது. ரஞ்சி வீல் சேர்ல உக்காந்து அந்தப் பெட்டியவே பாத்துக்கிட்டிருக்கா. அழுகல. என்கிட்டச் சொல்றா, இதுவும் தொட்டிதாம்மா, சூடு சரியா இருக்கணும், காத்து சரியா இருக்கணும், கையக் கழுவிட்டுத்தான் தொடணும், அவ்வளவுதான், எனக்கு இது தெரியும், நான் பாத்துக்குவேன்னு. பெத்த பிள்ளையப் போயி மீனுங்குறா. எனக்கு ஆத்தாமை தாங்கல. பிள்ளை பெத்தவளுக்குப் புத்தி பேதலிக்கும்னு சொல்லுவாகள்ல, அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் சொன்னா, நீ ஊருக்குப் போம்மான்னு. இங்க அத்தை பாத்துக்குவாக, நீ போயி என் மீனப் பாத்துக்க. அதுக அங்க உசுரோட இருந்தா இவன் இங்க இருப்பான். தினம் சாயந்தரம் போன் போட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு, எனக்கு அது போதும்னா. அதச் சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல.

படிச்ச பிள்ளை பேசுற பேச்சா இது? மீனு இருந்தா பிள்ளை இருக்குமாம். எங்க இருந்து புடிச்சா இந்த மூடநம்பிக்கைய?

கண்டக்டர் தம்பி, எனக்கு டிக்கெட் எடுத்தாச்சு, இந்தப் பிள்ளைகிட்டக் கேளு. ...வெயிலு உன் பக்கம் அடிக்குதுல்ல. இரு, என் கூடைய இங்கிட்டு நகட்டிக்கிறேன். உள்ள ஜாடி இருக்கு, தண்ணி சூடாயிரும்.

வந்தேன் ஊருக்கு. மறுநாளே மாப்பிள்ளை போன் போடுறாரு. அத்தை, பையனுக்கு மூச்சு சரியா இல்லையாம், ரெண்டு நாள் கழிச்சுத்தான் எதுவும் சொல்ல முடியுமாம்னு. நான் போன வச்சுட்டுத் திரும்புறேன், ஒம்போதும் வரிசையா வந்து கண்ணாடியில மூஞ்ச வச்சுக்கிட்டு நிக்குதுக. தீனிக்கு. அங்க என் பேரன் மூச்சுக்கு அல்லாடுறான், இதுக இங்க வாலாட்டிக்கிட்டு நிக்குதுக.

நான் கொல்லல தாயி. என்னைய அப்படிப் பாக்காத. மோட்டார் சுவிட்ச அமத்துனேன், அவ்வளவுதான். குழாயில அன்னைக்கு வந்த தண்ணிய அப்படியே ஊத்துனேன். எல்லாரு வீட்டுலயும் அப்படித்தான ஊத்துறாக? போறது போகட்டும், இருக்குறது இருக்கட்டும்னு சாமிகிட்ட விட்டுட்டேன். மறுநாளு ஒண்ணு போச்சு. மாப்பிள்ளை கூப்புட்டாரு, மூச்சு கொஞ்சம் தேவலையாம். நீயே சொல்லு, இத நான் என்னன்னு எடுத்துக்கிறது? இன்னொண்ணு போச்சு, குழாய எடுத்துட்டாக. நடுவுல மஞ்சக் காமாலைன்னாக, நீல வெளிச்சத்துல வச்சிருக்கோம்னாக, இங்க ஒரே நாள்ல மூணு போச்சு. காமாலை எறங்கிருச்சு. ஒவ்வொண்ணுக்கும் குழி தோண்டி மஞ்சத் தண்ணி தெளிச்சேன். செம்பருத்திச் செடி இப்ப என்னமா பூத்திருக்கு தெரியுமா.

ரஞ்சி தினம் கேப்பா, நல்லா இருக்குகளாம்மான்னு. நல்லா இருக்குகடின்னுவேன். தின்னுச்சுகளா? தின்னுச்சுக. ஒரு நாளு திடுக்குன்னு கேக்குறா, என்னம்மா, மோட்டார் சத்தமே கேக்கலன்னு. போன்லயே கேக்குது பாரு அவளுக்கு. கரண்டு போயிருச்சுடின்னேன். அதுல இருந்து தினம் சாயந்தரம் ஆச்சுன்னா, மொதல்ல மோட்டார ஓட விட்டுட்டுத்தான் அவளுக்குப் போன் போடுவேன். தொட்டிக்குப் பக்கத்துலயே நின்னு பேசுவேன். சளசளன்னு கேக்கும்ல, அவளுக்கு அதுல ஒரு நிம்மதி. பேசி முடிச்சதும் அமத்திருவேன். கடைசியில தொட்டியில ஒண்ணுமே இல்ல, வெறும் தண்ணியில மோட்டாரு ஓடும், நான் பக்கத்துல நின்னுக்கிட்டு, ஆமாடி, முட்டக்கண்ணன் இப்பத்தான் மேல வந்துட்டுப் போறான்னு சொல்லிக்கிட்டிருப்பேன்.

முட்டக்கண்ணன் போறது எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது. மத்ததெல்லாம் போயி அது ஒண்ணுதான் கெடந்துச்சு, ரெண்டு மூணு நாளு. நான் அடுப்படியில இருந்து வந்தா அதுவும் கூடவே வரும், அந்தக் கண்ண வச்சுக்கிட்டு. வீட்டுல வேற யாரு இருக்கா, நானும் அதுவுந்தான். நான்கூட ஒரு தடவை சுவிட்சுல கை வச்சுட்டேன், போட்டுறலாம்னு. அப்பப் பாத்து மாப்பிள்ளை போனு. பையனுக்கு ரத்தத்துல கிருமி பரவிருச்சாம். கைய எடுத்துட்டேன். அதுகிட்டப் போயி உக்காந்துக்கிட்டு, நீதான்டா பெருசு, நீதான் வாங்கிக்கிறணும்னு சொன்னேன். அழுதுகிட்டேதான் சொன்னேன். மறுநாளு விடியக்காலம் போயிருச்சு. அதுக்கு மட்டும் ஒரு வெள்ளைத் துணியில சுத்தி வச்சேன்.

நம்புனா நம்பு, நம்பாட்டிப் போ, பிள்ளைக்குக் காய்ச்சலு எறங்கிருச்சு. இன்னைக்கு நாளைக்குள்ள பெட்டிய விட்டு எடுத்து அவ நெஞ்சுல போடப் போறாகளாம். டாக்டரு மருந்து குடுத்தாரு, நான் இல்லேங்கல. அவரு குடுத்தாரு. ஆனா மருந்து முதல்லயே குடுத்துக்கிட்டுத்தான இருந்தாக?

நேத்துச் சாயந்தரம் வழக்கம்போல மோட்டார ஓட விட்டுட்டு ரஞ்சிக்குப் போன் போட்டேன். நல்ல குரல்ல பேசுனா. எத்தனை நாளாச்சு அவ என்கிட்ட அப்படிப் பேசி. வாம்மா, வந்து உன் பேரன என் மடியில பாருன்னா. எனக்கு அப்படியே உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம், ம்மா, வர்றப்ப முட்டக்கண்ணன ஒரு ஜாடியில போட்டுக் கொண்டா, நான் அவனப் பாக்கணும்னா. ஏண்டி, ஆஸ்பத்திரிக்கு மீனக் கொண்டு வரவா, விடுவாகளான்னேன். வாசலுக்கு நான் வாரேன், ஒரு நிமிசம் பாத்தாப் போதும், அவன் வாலப் பாத்துட்டா எனக்கு நீ சொன்னது எல்லாம் நிசம்னு தெரிஞ்சுரும்னா. அப்புறம் சொல்றா, நான் உன்னையத் தப்பா நினைச்சுட்டேன்மா, நீ என் மீனுகள ஏதாச்சும் பண்ணிருவேன்னு தினம் பயந்துக்கிட்டே கெடந்தேன், மன்னிச்சுக்கன்னா.

சரிடி, கொண்டாரேன்னுட்டேன் தாயி. போனப் புடிச்சுக்கிட்டு நிக்குறேன், மோட்டாரு ஓடிக்கிட்டிருக்கு.

அதான் காலையிலயே கடைக்கு வந்தேன். இந்தா, கூடைக்குள்ள பாரு. துண்ட விலக்கிப் பாரு. அதே கருப்பு, அதே முட்டக்கண்ணு, அதே அளவு. கடையில காத்தடிச்ச கவர்லதான் குடுத்தாரு. கவரோட போனாக் கடையில வாங்குனதுன்னு ஒரு நொடியில கண்டுபுடிச்சுருவா, அதான் பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே ஊறுகா ஜாடியில மாத்தி, மூடியில ஓட்டை போட்டுக் கொண்டுட்டு வாரேன். வீட்டுல இருந்து கொண்டு வந்த மாதிரியே இருக்குல்ல? எனக்கு இந்தக் காரியமெல்லாம் நல்லா வரும்.

வாலுதான்.

போனப் பாரு, அவ எடுத்து அனுப்புன படம். கீழ்ப்பக்கம் வெட்டு தெரியுதா? இதுக்கு வாலு முழுசா இருக்கு, பட்டுப் பாவாடை மாதிரி. கிழிஞ்சது இருக்கான்னு கேட்டா அவரு சிரிக்கிறாரு. வாலு வளந்துருச்சுடின்னு சொல்லலாமான்னு பாத்தேன். நம்ப மாட்டா. அங்க வளராதும்மான்னு அவதான் என்கிட்டச் சொன்னவ. அவ கண்ணுக்கு ஒரு செதில் மாறுனாலும் தெரிஞ்சுரும். தெரிஞ்சா என்னாகும்? அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னதுக்கே சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவ. இப்பத் திரும்புனா மறுபடி என் பக்கம் திரும்ப மாட்டா. அதோட பால் குடுக்குற உடம்பு. அதுக செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா, பிள்ளையும் போயிரும்னு நினைச்சே படுத்துருவா. எனக்கு அவ வேணும் தாயி. ரெண்டு பேரும் வேணும்.

ஏன் தொட்டிய அங்கிட்டுத் திருப்பி வச்சுக்கிட்ட? நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்.

காரியாபட்டி தாண்டி வெகு நேரமாச்சு. அந்தா, வளையங்குளம் வந்துருச்சு. ரிங் ரோட்டுக்குப் போயிட்டா அப்புறம் நேரமில்ல, எறங்குற எடத்துல மாப்பிள்ளை வண்டிய வச்சுக்கிட்டு நிப்பாரு. உன் கைப்பையில நகவெட்டி இருக்குமா? இந்தக் காலத்துப் பிள்ளைக வச்சிருப்பீகளே. பாரு, நல்லாத் தேடிப் பாரு.

இருக்கா. மகராசியா இருப்ப.

பயப்படாத. வாலு ஓரத்துல உணர்ச்சி இருக்காதாம், நம்ம நகம் மாதிரிதானாம், எம்மகதான் படிச்சுச் சொன்னா. நான் ஜாடிக்குள்ள கைய விட்டு இதப் புடிச்சுக்கிறேன். ஒரு கையால புடிச்சுக்கிட்டு நானே வெட்டுனா நிறைய வெட்டிருவேன். நீ அந்தப் படத்தப் பாத்துக்கிட்டே கீழ்ப்பக்கமா வெட்டு. மெதுவா. பள்ளத்துல பஸ்ஸு தூக்கிப் போடும், அது போனப்புறம் வெட்டு.

பாத்துத் தாயி. செத்துறக்கூடாது. இது ஒண்ணு மட்டும் சாகக்கூடாது.